பெரிய போசி

முளைக்குச்சியில் சின்னக் கயிறு அப்படியே கிடந்தது.

அதை அவிழ்க்க அவளுக்குக் கை வரவில்லை.

நேற்று மாலை கன்றைத் தென்னை மரத்தடியில் புதைத்தார்கள். பிறந்து ஐந்தே நாள். கழிச்சல். 'தென்னைக்கு நல்ல உரம்' என்றார் குழி வெட்ட வந்தவர். ஆறுதலாகத்தான் சொன்னார், பாவம்.

தாய்மாடு இன்னும் அந்தக் கயிற்றை முகர்ந்துகொண்டிருந்தது.

கிடேரிக் கன்று. மூன்று ஈற்றும் காளையாகவே போட்ட மாடு, நாலாவதாக இவளைப் போட்டது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி. ஈரம் காய்வதற்குள் மல்லி என்று பெயரும் வைத்துவிட்டாள்.

விடியற்காலையில் பிறந்தது, வெயில் ஏறுவதற்குள் எழுந்து நின்றது. தள்ளாடிக்கொண்டே மடியைத் தேடிப் போனது.

அவள் இழுத்துக் கட்டினாள்.

நஞ்சுக்கொடி விழும்வரை கன்றைக் குடிக்க விடக்கூடாது. ஊரில் எல்லாரும் சொல்வதுதான். ஏன் என்று அவள் யாரையும் கேட்டதில்லை.

நாலு தடவை திமிறிப் பார்த்தது. நாலு தடவையும், இருடி அவசரக்குடுக்கை என்று சிரித்தாள்.

கொடி விழும்போது மதியம் இரண்டு மணி. அதை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டிவிட்டு வரக் கணவனை அனுப்பினாள். பிறகு உட்கார்ந்து கறந்தாள். மஞ்சளாக, கெட்டியாகச் சீம்பால். கன்றுக்குச் செரிக்காது என்று இரண்டு வாய் மட்டும் விட்டாள். மீதியை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாள்.

"பொறந்த ஒரு மணி நேரத்துல வயிறு நெறையக் குடுத்திருக்கோணும்மா. அதுக்கு அதுதான் மருந்தே," என்றார் மாட்டு டாக்டர், நாலாம் நாள் வந்து.

முன்பு பிறந்த காளைக் கன்றுகளில் இரண்டு இப்படியேதான் போயின. காளைதானே என்று அவள் டாக்டரைக் கூப்பிடவே இல்லை. இப்போது நினைக்க வெட்கமாக இருந்தது.

வாசலில் ஆள் அரவம். பக்கத்து வீட்டு மயிலாத்தாள். சீம்பால் வாங்கிய மறுநாளே அம்மா வீட்டுக்குப் போனவள், இப்போதுதான் திரும்பியிருக்கிறாள். கையில் தூக்குப்போசி. வெறும் பாத்திரமாகத் தரக்கூடாதென்று உள்ளே ஒரு பிடி சர்க்கரை.

"சீம்பாலு அத்தன ருசிங்க்கா. எங்கூட்டுக்காரரு போசிய வழிச்சே தின்னுட்டாரு. கன்னு என்ன பண்ணுதுங்க்கா?"

"தூங்குது."



போசியை வாங்கினாள். ஒன்றரை லிட்டர் பிடிக்கும். வீட்டில் இருந்ததிலேயே பெரியதாகப் பார்த்து எடுத்து, அன்று விளிம்பு வரை சீம்பால் ஊற்றிக் கொடுத்தது அவள்தான்.

சர்க்கரையைத் தாய்மாட்டின் தவிட்டில் கொட்டினாள். போசியை நன்றாகத் தேய்த்துக் கழுவினாள்.

அடுக்களைக்குக் கொண்டுபோகவில்லை. ஐப்பசியில் ஈனப்போகும் இளைய மாட்டுக்கு நேரே, அதன் கன்றுக்கென்று, கொட்டகை ஆணியில் மாட்டினாள்.

அதன்பிறகு குனிந்து, சின்னக் கயிற்றை அவிழ்த்தாள்.