முட்ட முட்ட

படகின் எஞ்சின் மூன்றாவது தடவையாக இருமி நின்றபோது மெக்கானிக் வந்து சேர்ந்தார். மனைவிதான் சொல்லி அனுப்பியிருப்பாள் என்று நினைத்தார் படகுக்காரர்.

மெக்கானிக் டீசல் டேங்கின் அடித்திருகைத் திறந்து டம்ளரில் பிடித்தார். டீசலுக்கு அடியில் இரண்டு விரல் தண்ணீர்.

"என் தம்பி வேலைதான்! துரத்திவிட்ட வயித்தெரிச்சல்ல கலந்துட்டுப் போயிருக்கான்."

"ஏன் துரத்தினீங்க?"

"தினமும் படகைக் கட்டினதும் டேங்கை முட்ட முட்ட நிரப்புவான். எனக்குத் தெரியாம ஓட்டிட்டுப் போகத்தானே? போடான்னுட்டேன். இப்ப ஒரு மாசமா நான் பாதிக்கு மேல ஊத்துறதில்ல."

"அதான் வினை. பாதி டேங்க் காலியா இருந்தா, உள்ள இருக்கிற காத்து குளிர்ல வேர்த்துத் தண்ணியாச் சொட்டும். நிரம்பியிருந்தா காத்துக்கு இடமே இல்ல."

படகுக்காரர் டம்ளரையே பார்த்தார். "இதை அவன் அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்ல விட்டீங்களா?"

"இப்பவே போய்க் கூட்டிட்டு வரேன்."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். "காலையிலதான் கப்பல் ஏறினார். ரெண்டு வருஷ வேலையாம். 'அண்ணன் படகு இந்நேரம் இரும ஆரம்பிச்சிருக்கும், போய்ப் பாருங்க, என் பேரைச் சொல்லாதீங்க'ன்னு என்னை அனுப்பினதே அவர்தான்."