இமைக்குள் ஒரு கிராம்

அன்று என் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் மூன்று பேர்.

பிரிஸ்கில்லா எனக்கு நேர் எதிரே ஸ்டூலில். அவள் அம்மா மேரி பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பக்கெட்டின் மேல். புருஷன் அருள்தாஸ் உட்காரவில்லை. வண்டியில் சாய்ந்தபடி சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

நான், உத்திரமேரூர் தாலுகா ஆபீசுக்கு எதிரே மனு எழுதும் தமிழ்ச்செல்வி, என் நாற்காலியில்.

பெருநகர் கிராமத்திலிருந்து மூவரும் ஒரே வண்டியில் வந்திருந்தார்கள். என்ன எழுதுவது என்பதில்தான் ஒன்றாக இல்லை.

தேதி போட்டேன். அனுப்புநர் எழுதினேன். பெறுநர், சென்னைக் கண் ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவர். 'பொருள்' என்று எழுதி, அந்த வரியைக் காலியாக விட்டேன்.

காதுக்குப் பின்னால் வளர்ந்த கட்டியை எடுத்தபோது பிரிஸ்கில்லாவின் முக நரம்பும் சேர்ந்து போய்விட்டது. எட்டு மாதமாக வலது கண் மூடவில்லை. தூங்கும்போதும் திறந்தே கிடக்கும். நடவு வயலில் சேறு தெறித்தாலும் இமைக்காது. சர்ச்சில் ஜெபத்துக்கு எல்லோரும் கண்ணை மூடும்போது, அவள் அதை முந்தானையால் மறைத்துக்கொள்வாள்.

கருவிழி காய்ந்து, ஓரத்தில் வெள்ளை விழ ஆரம்பித்திருந்தது. இனியும் தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

வழியும் சொல்லியிருந்தார். மேல் இமைக்குள், தோலுக்கு அடியில், ஒரு கிராம் அளவில் தங்கத் தகடு வைத்துத் தைப்பார்கள். கண்ணைத் திறக்கிற நரம்பு வேறு. அது நன்றாகத்தான் இருக்கிறது. திறந்ததைக் கீழே இறக்கத்தான் கனம் வேண்டும்.

இரண்டு முறை தேதி கொடுத்தார்கள். இரண்டு முறையும் அருள்தாஸ் அழைத்துப் போகவில்லை. இனி தேதி வேண்டுமென்றால் இருவரும் கையெழுத்துப் போட்டு எழுத்தில் கேளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

"ஆபரேசன் வேணாம், சொட்டு மருந்தே போதும்னு எழுது, யக்கா" என்றான் அருள்தாஸ்.

"டாக்டரு அந்தத் தகட்ட இமைக்கு மேலயே ஒட்டிப் பாத்தாரு, யக்கா." பிரிஸ்கில்லா பேசும்போது வாய் ஒரு பக்கமாக இழுத்தது. "மூடிக்கிச்சி. எட்டு மாசம் கழிச்சி அந்தக் கண்ணுல இருட்டு வந்துச்சி. அப்பிடியே தூங்கிடலாம்னு இருந்துச்சி."

மேரி முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒற்றைக் கம்மலை என் மேசைமேல் வைத்தாள். அவளுடைய இடது காது மூளியாக இருந்தது.

"இத்தயும் கவருக்குள்ள வெச்சி அனுப்பிடும்மா. இத்த உருக்கியே போடச் சொல்லு. எனக்கு ஒரு காது போதும்."

"நகைல செம்பு கலந்து கீதும்மா. கண்ணுக்கு ஆவாது. அவுங்களே சுத்தத் தங்கத்துல செஞ்சி வெச்சிருப்பாங்க. எடுத்துக் காதுல போடு" என்றேன்.

"படுத்தாலும் மூடிக்குமா?" என்று கேட்டாள் பிரிஸ்கில்லா.

"மல்லாந்து படுத்தா கனம் எறங்காது. லேசா தெறந்துக்கும். தலைக்கு ரெண்டு தலகாணி வெச்சிக்கணும். பழகிடும்."

அருள்தாஸ் சிரித்தான். "மனு எழுதுற எடத்துல இப்ப ஆபரேசனும் பண்றாங்களா இன்னா?"

நான் காலி வரியைப் பேனா முனையால் தட்டிக்கொண்டு காத்திருந்தேன். எதிரில் இருப்பவர் மனதில் உள்ளது வெளியே வராமல் நான் எந்த மனுவையும் ஆரம்பிப்பதில்லை.

அருள்தாஸிடமிருந்தே வந்தது.

"ஊர்ல சொம்மா வுடுவானுங்களா, யக்கா? இப்பவே கோணவாயின்றானுங்க. இமை மேல கொழுக்கட்ட மாதிரி பொடச்சிக்கினு நின்னா, தங்கக்கண்ணின்னு பேரு வெப்பானுங்க. அதோட இவ வூட்ட வுட்டே வெளிய வர மாட்டா."

பிரிஸ்கில்லா தலை குனிந்தாள். வலது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அழுகை இல்லை, மூடாத கண் அப்படித்தான் வழியும்.

நான் பேனாவை மேசைமேல் வைத்தேன்.

"எவ்ளோ நேரமா என் மூஞ்சியப் பாத்துக்கினு கீற, தம்பி?"

"அர மணி நேரம் இருக்கும். எதுக்கு?"

"தகடு எந்தக் கண்ணுல கீதுன்னு சொல்லு."

சாவி சுற்றுவது நின்றது.

வண்டியை விட்டு வந்து, மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து பார்த்தான். நான் கண்களை மூடினேன். திறந்தேன். அவசரமில்லாமல் இன்னொரு முறை மூடித் திறந்தேன். பதினோரு வருடப் பழக்கம். கம்மலைத் திருகிக்கொண்டிருந்த மேரி அதைப் பாதியில் விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணாத்தானே கீது" என்றான்.

பிரிஸ்கில்லா நான் வைத்த பேனாவை எடுத்து என் விரல்களுக்கு நடுவே செருகினாள்.

காலி வரியில் எழுதினேன்: வலது மேல் இமையில் தங்கத் தகடு பொருத்தும் அறுவை சிகிச்சைக்குத் தேதி வேண்டுதல்.

கீழே நான்கே வரி. அவள் முதலில் கையெழுத்துப் போட்டாள். அவன் ஒரு முறை முழுக்கப் படித்துவிட்டு, அவள் பெயருக்குப் பக்கத்தில் போட்டான்.

பசை டப்பாவை நான் எடுப்பதற்குள் அவனே எடுத்து, கவரின் வாயில் தடவி, ஓரம் விடாமல் அழுத்தி ஒட்டினான். தபால் ஆபீஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான். வண்டியைக் கூட எடுக்காமல் நடந்தான்.

பாதி ரோட்டில் திரும்பினான்.

"யக்கா, எடதுதானே?"

"மொதல்ல தபாலப் போட்டுட்டு வா."