மூன்று நாள் ரோஜா

"ஃபிளாஷ் போடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா? மூஞ்சியில டார்ச் அடிச்ச மாதிரி பூ வெளுத்துப் போகுது!"

கடைக்காரம்மா கத்திய கத்தலில் நாத்தனார் கையிலிருந்த வாளி தளும்பியது.

"மெதுவா அண்ணி. இருக்கிற நாலு இதழும் பயந்து கொட்டிடப் போகுது."

"நீ முதல்ல அந்த ஃபேனை நிறுத்து. பூ ஆடினா படம் எப்படித் தெளிவா வரும்?"

கோபத்துக்குக் காரணம் ஒன்றா, இரண்டா? வருடம் முழுக்கப் பூ கொடுக்க ஒரு பெரிய ஹோட்டல் கடை தேடுகிறது. பன்னிரண்டு மணிக்குள் படங்களை அனுப்பியாக வேண்டும். இந்த நேரம் பார்த்து நேற்றும் இன்றும் பூ லாரி வரவில்லை. ஸ்டூடியோவில் ஆள் அனுப்பச் சொன்னது பத்து மணிக்கு. கேமராவும் கையுமாக இந்த மனிதர் நுழைந்ததோ பத்தே முக்காலுக்கு. "வழி தெரியாம ரெண்டு தெரு சுத்திட்டேன்..." என்று ஆரம்பித்தவரை அதற்கு மேல் கடைக்காரம்மா பேசவே விடவில்லை.

"நின்னுக்கிட்டே எடுத்தா பூவோட உச்சந்தலைதான் தெரியும். முட்டி போடுங்க. பூ இருக்கிற உயரத்துக்கு வாங்க. போன தடவை வந்த ஆள் எடுத்த படத்துல என் லில்லி காலிஃபிளவர் மாதிரி இருந்துச்சு!"

வந்தவர் இஸ்திரி மடிப்பு கலையாமல் மெல்ல மண்டியிட்டார்.

"ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம்தான் விழுது. இந்தப் பக்கம் இருட்டா இருக்கே?"

"அதையும் நானே சொல்லணுமா? கேமரா வாங்கினா மட்டும் போதுமா? ஒரு பூவையாவது வாழ்க்கையில உத்துப் பார்த்திருக்கீங்களா?" என்றவர் நாத்தனார் பக்கம் திரும்பினார். "அந்த வெள்ளை அட்டையை இந்தப் பக்கமாப் பிடி. வெளிச்சம் பட்டுத் திரும்பி விழும். உன் கறுப்பு துப்பட்டாவைப் பின்னால தொங்க விடு."

"துப்பட்டா மட்டும் போதுமா, நானும் தொங்கணுமா அண்ணி?"

"பேசினே, நிஜமாவே தொங்க விட்டுடுவேன்!"

வந்தவர் கேமராவில் கண்ணை வைத்தபடியே கேட்டார். "ஓரத்துல பழுப்பு தெரியுதே?"

"அதை உரிச்சுட்டாப் போச்சு." வெடுக் வெடுக்கென்று மூன்று இதழ்களைப் பிய்த்தெறிந்துவிட்டு, பாட்டிலை எடுத்துப் பூவின் மேல் பீய்ச்சினார். "வெறும் தண்ணின்னா வழிஞ்சிடும். கிளிசரின் கலந்திருக்கேன், துளி அப்படியே நிக்கும். நடுவுல இருக்கிற சுருளை மட்டும் ஃபோகஸ் பண்ணுங்க. இலை படத்துல வரவே கூடாது. இலைதான் வயசைக் காட்டிக் கொடுக்கும்."

'க்ளிக்.'

வந்தவர் திரையைக் காட்டினார். விடியற்காலையில் பறித்து, பனி கூட உதறாமல் கொண்டுவந்து வைத்த மாதிரி இருந்தது ரோஜா. காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருந்த கடைக்காரம்மாவின் முகம் அப்போதுதான் சற்றுத் தணிந்தது.

"பிரமாதமா இருக்கு" என்றார் வந்தவர். "பூ எப்ப வந்தது?"

"இன்னையோட மூணு நாள். உங்களாலயே நம்ப முடியலை பார்த்தீங்களா? அந்த ஹோட்டல்காரனா கண்டுபிடிக்கப் போறான்!"

கண்ணாடிக் கதவு படாரென்று திறந்தது. தோளில் பெரிய பையும் கையில் ஸ்டாண்டுமாக, மூச்சு வாங்க ஓடிவந்தாள் ஒரு பெண்.

"மன்னிச்சுக்குங்க மேடம், வண்டி பஞ்சர். ஸ்டூடியோவிலேருந்து வர்றேன். எந்தப் பூவை எடுக்கணும்?"

கடைக்காரம்மா மெல்லத் திரும்பினார். மண்டியிட்டிருந்தவர் எழுந்து, முழங்கால் தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"போன வருஷம் கடைக்காரங்க அனுப்பின படத்தை நம்பி நல்லா ஏமாந்துட்டோம்மா. அதான் இந்தத் தடவை, சொல்லாமக் கொள்ளாம நேர்ல போய் நாமே படம் எடுத்துட்டு வந்துடலாம்னு ஹோட்டல்லேருந்து என்னை அனுப்பினாங்க."