டெம்போ சாவி

"எவன் என் புள்ளைக்கு இதச் சொல்லிக் குடுத்தது? தைரியம் இருந்தா முன்னால வரட்டும்!"

பள்ளிக்கூடத்து கேட்டைத் தள்ளிக்கொண்டு நுழையும்போதே அருணகிரிக்குக் குரல் உச்சத்தில் இருந்தது. கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பு வாங்கி விற்கிற ஆள். தெருத்தெருவாகத் தள்ளுவண்டி தள்ளி, இன்றைக்குச் சொந்தமாக டெம்போவும் குடோனும் வைத்திருக்கிறார். யாரும் கூப்பிட்டுக் கொடுத்ததில்லை. எல்லாம் வாயால் பிடுங்கியது.

சைக்கிள் ஸ்டாண்டு நிழலில் எட்டாம் வகுப்புப் பையன்கள் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எதற்கெடுத்தாலும் கை நீட்டுகிற பையன்களுக்கென்று வாரம் ஒருமுறை கூடுகிற குழு. அவர்களோடு தரையிலேயே திலகவதி மிஸ். பக்கத்தில், கன்னம் வீங்கி, அருணகிரியின் மகன் தீனா.

"வாங்க சார். உக்காருங்க."

"உக்கார வரல மிஸ். நேத்து பரத்துன்னு ஒருத்தன் இவன் சட்டையக் கிழிச்சிருக்கான். இவன் இன்னா பண்ணான் தெரியுமா? ஒன்னும் பண்ணல! திரும்பிகினு நடந்து வந்துட்டானாம். என் புள்ள! ஜூன் மாசம் அதே பரத்தோட பல்ல ஒடச்சவன்!"

"அதனாலதான் சார் இந்தக் குழுவுல சேர்த்தோம்."

"சேர்த்து? தொடைநடுங்கி ஆக்கிட்டீங்க. கிழிஞ்ச சட்டையோட ஊட்டுக்கு வந்து, 'அடிக்கல நைனா'ன்னு பெருமையா சொல்றான். வந்துச்சு பாருங்க எனக்கு! உட்டேன் ஒன்னு."

திலகவதி தீனாவின் கன்னத்தைப் பார்த்தாள். "இது பரத் அடிச்சதுன்னு நெனச்சேன்."

"நான்தான். பின்ன, திருப்பி அடிக்காம வந்தா அடிக்காம கொஞ்சுவாங்களா?"

பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"நம்ம ஒடம்பு அப்படி மிஸ். கோவம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது. என் சம்சாரம் எல்லம்மாவக் கேளுங்க, சொல்லுவா. சோத்துத் தட்டு பறக்கும். அப்புறம் எனக்கே பேஜாராத்தான் இருக்கும். ஆனா அடக்க முடியாது, பொறவியிலயே வந்தது. அத உட்டுத் தள்ளுங்க. இனிமே இவன் இந்த வட்டத்துல உக்காரக் கூடாது. கெளம்புடா!"

தீனா எழுந்தான். "நைனா, வேணாம் நைனா. நான் இங்க இருக்கேன். இங்க வந்தப்புறம்தான் என்கூட ரெண்டு பேரு பேசறாங்க."

"எதுத்தா பேசற?"

கை ஓங்கியது.

அந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் ஓங்கிய கை தானாக இறங்கி, போனைக் காதில் வைத்தது.

"சார்! வணக்கம் சார்! சொல்லுங்க சார்!"

பார்த்திபன். சிப்காட்டில் ஒரு கம்பெனி மேனேஜர். அங்கே விழுகிற கழிவு இரும்பை வாரிக்கொண்டு போவது அருணகிரிதான். போனைக் காதோடு அழுத்தியும் அந்தப் பக்கத்துச் சத்தம் சைக்கிள் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது.

"யோவ், அறிவிருக்கா? வெலையக் கொறைச்சாத்தான் டெம்போ அனுப்புவியா? குப்பை பொறுக்குன பயல உள்ள உட்டது என் தப்புய்யா!"

அருணகிரியின் முகம் கறுத்தது. வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் போய் டெம்போ சாவியை இறுக்கியது. வட்டத்தை விட்டு மெதுவாக நடந்தார். திரும்பிப் பார்க்காமல் வேப்பமரம் வரைக்கும் போனார்.

"உங்க கோவம் நியாயம் சார். எனக்குக் கட்டுப்படியாகல சார். வேற ஆளு வந்தா குடுத்துடுங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

சிரித்தபடியே வைத்தார். மரத்தடியில் நின்றார். மறுபடி அடித்தது.

"சார்... ரொம்ப சந்தோஷம் சார். சாயங்காலம் வண்டி வந்துடும் சார்."

வெற்றியோடு திரும்பி வந்தால், பையன்கள் அத்தனை பேரும் அவரையே வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் பக்கத்தில் இருந்தவனை இடித்தான்.

"டேய், அதேதான்டா! அப்படியே செய்யறாரு!"

"இன்னாடா அதே?"

ஒவ்வொருத்தனாகப் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்து விரித்தான். ஒருத்தனிடம் வீட்டுச் சாவி. ஒருத்தனிடம் கோலிக்குண்டு. தீனாவிடம் குடோனில் பொறுக்கிய நட்டு.

"கோவம் வந்தா இத இறுக்கிப் புடிக்கணும்," என்றாள் திலகவதி. "அங்கயிருந்து நடந்துடணும். அவனா கூப்பிடற வரைக்கும் திரும்பக் கூடாது. நான் எத்தனையோ சொல்லிப் பார்த்தேன் சார், ஒன்னும் ஏறல. தீனா சொன்ன இந்த ஒன்னத்தான் இவங்க எல்லாரும் புடிச்சுக்கிட்டாங்க."

அருணகிரி மகனைப் பார்த்தார். கேட்காமல் இருக்க வியாபாரி மனசுக்கு முடியவில்லை.

"கூப்பிட்டானா?"

"யாரு?"

"பரத்துடா. நீ நடந்ததும் கூப்பிட்டானா?"

"கூப்பிட்டான் நைனா. சாரி சொன்னான். சட்டைக்கு ஊக்கு குடுத்தான்."

"அப்படிப் போடு!" வாய் தவறி வந்துவிட்டது. சட்டென்று மீசையைத் தடவி முகத்தை இறுக்கிக்கொண்டார். "அதெல்லாம் இருக்கட்டும். உனக்கு எவன் சொல்லிக் குடுத்தான்? மொதல்ல அதச் சொல்லு."

தீனா நட்டை இறுக்கிப் பிடித்தான். அப்பாவைப் பார்க்கவில்லை. மிஸ்ஸைப் பார்த்துச் சொன்னான்.

"லீவு நாள்ல டெம்போவுல போறப்ப பார்ப்பேன் மிஸ். கம்பெனி கேட்டுல ஒருத்தரு நிப்பாரு. எவ்ளோ அசிங்கமா திட்டினாலும் கைய ஓங்க மாட்டாரு, சிரிச்சிகினே பேசுவாரு. அவர ஒரு நாளாச்சும் எங்க ஊட்டுக்கு வரச் சொல்லுங்க மிஸ். எங்கம்மா அவரப் பார்த்ததே இல்ல."