ஏரிக்கரையில் ஒரு தனி வீடு

சுற்றுலா அலுவலகத்தில் புக்கிங் பார்க்கும் அந்தப் பெண்ணுக்கு, எதிரே உட்கார்ந்திருந்த தம்பதியைப் பார்க்கப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாம். ஆனாலும் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் மாதிரி நெருங்கி உட்கார்ந்து, காட்டுக்குள் ஏரிக்கரையில் இருக்கும் மரவீட்டின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வீட்டுக்காரரோ அவளைத் தெருமுனை வரை கூட்டிப்போவதே அபூர்வம்.

"பக்கத்துல வேற வீடு ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் கணவர்.

"பத்து கிலோமீட்டருக்கு ஒண்ணுமே கிடையாது சார்."

"செல்போன் சிக்னல் எடுக்குமா?" என்றார் மனைவி.

"சுத்தமா எடுக்காது மேடம்."

"அப்பாடா!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இப்படித் தனிமைக்கு ஏங்குறீங்களே, வீட்டுல ரொம்பக் கூட்டமா?"

"மாமனார், மாமியார், பரீட்சைக்குப் படிக்கிற ரெண்டு பிள்ளைங்க. சுவரும் அட்டை மாதிரி. நாங்க தும்மினா பக்கத்து வீட்டுல கேட்கும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச முடியலைம்மா," என்றார் மனைவி.

"அங்க போய் மனசு விட்டுப் பேசுங்க மேடம். ரெண்டு நாள் போட்டுடட்டுமா?"

"ரெண்டு நாள் எந்த மூலைக்கு? இருபத்திரண்டு வருஷமா அடக்கி வச்ச சண்டைம்மா! இவர் தங்கச்சி என்னைப் பேசின பேச்சுக்கே ரெண்டு நாள் வேணும்."

"உங்க அண்ணனுக்கு ஒரு நாள் ஒதுக்கணும்," என்று பணிவாக நினைவூட்டினார் கணவர்.

"ஆமா, மறந்தே போயிட்டேன். ஒரு வாரமாப் போடும்மா."

கணவர் மேஜைமேல் லேசாகக் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்த வீட்டுல தட்டு, டம்ளரெல்லாம் உடையாத ரகம்தானே?"