லாரிக்கு முன்னால் நின்றவர்

“தலையத் தூக்கிராத மச்சான். இருமல் வந்தாலும் முழுங்கிக்க,” என்று கறுப்புக் கண்ணாடி போட்ட லாரி கேபினைப் பார்த்து முணுமுணுத்தார் திட்டப் பொறியாளர். பதில் வரவில்லை. என்றும் இல்லாத திருநாளாக இன்றைக்குச் சொன்ன பேச்சைக் கேட்கிறானே என்று அவருக்கு மனம் குளிர்ந்தது.

புதிய சுரங்கத்தில் லாரிகள் எல்லாம் டிரைவர் இல்லாமலே ஓடும் என்று திட்டம் எழுதியவர் அவர்தான். அதைத் துளியும் நம்பாதவரும் அவர்தான். நேற்றைய ஒத்திகையில் லாரி நேராகப் போய்க் கழிப்பறைத் தகரத்தைச் சாய்த்துவிட்டு, ‘பயணம் வெற்றி’ என்று திரையில் காட்டியது.

“அதச் சரி பண்ணிட்டேன் சார், நம்புங்க,” என்றாள் மென்பொருள்காரப் பெண்.

“நம்பிட்டேம்மா,” என்றார். இன்று சுரங்க முதலாளி முன்னால் லாரி சொதப்பினால் திட்டமும் போச்சு, வேலையும் போச்சு. அதனால்தான் லாரி டிரைவரான மைத்துனனை விடிவதற்குள் வந்து கேபினுக்குள் பதுங்கச் சொல்லியிருந்தார். பச்சைப் பொத்தானை அழுத்தியதும் அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

முதலாளி பொத்தானை அழுத்தினார். லாரி உறுமிக்கொண்டு கிளம்பி, பள்ளத்தைச் சுற்றி, மண்ணைக் கொட்டிவிட்டுத் திரும்பியது. ஒவ்வொரு வளைவிலும் இண்டிகேட்டர் வேறு போட்டது.

இத்தனை வருஷம் வண்டி ஓட்டியும் மைத்துனன் இண்டிகேட்டரைத் தொட்டதே கிடையாது. பெரிய மனிதர்கள் முன்னால் பயலுக்கு ஒழுக்கம் வந்துவிட்டது என்று பூரித்துப் போனார் பொறியாளர்.

“குறுக்க ஆள் வந்தா நிக்குமாய்யா?” என்றார் முதலாளி.

“நானே போய் நிக்கிறேன் சார்!”

மென்பொருள்காரப் பெண் பதறினாள். “வேணாம் சார். மொதல்ல ஒரு பொம்மைய வெச்சுப் பாத்துரலாம்.”

“உன் வேலைய நீயே நம்பலேன்னா எப்படிம்மா?” என்று கேட்டுவிட்டு, மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை போலக் கைவீசி நடந்து பாதையின் நடுவில் நின்றார். லாரி வந்த வேகத்தைப் பார்த்தவர்கள் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். ஆளுயரச் சக்கரங்கள் அவர் மூக்குக்கு ஒரு முழம் முன்னால் நின்றன. மனிதர் கண்கூட இமைக்கவில்லை.

கைதட்டல் காதைப் பிளந்தது.

“இதான்யா நம்ம சுரங்கம்! திட்டத்துக்கு இப்பவே கையெழுத்துப் போடுறேன்,” என்று குதித்தார் முதலாளி. “எங்க வீட்டம்மாவுக்கு அனுப்பணும். இன்னொரு தடவ நில்லுங்க, வீடியோ எடுக்கிறேன்.”

இந்த முறை பொறியாளர் லாரிக்கு முதுகைக் காட்டி, கண்ணை மூடி, ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டு நின்றார். பின்னால் உறுமல் நெருங்கியது.

சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால் மைத்துனன். வண்டி ஓட்டுகிற நேரத்தில் இவனுக்கு என்ன பேச்சு வேண்டிக்கிடக்கிறது என்று எரிச்சலோடு காதில் வைத்தார்.

“மாமா, கோவிச்சுக்காதீங்க, இப்பதான் எழுந்தேன். நான் வர்றவரைக்கும் லாரிய எடுத்துராதீங்க!”