மாதிரிக் குரல்

“போதும்!” என்றான் கணவன்.

வண்டி நிற்கவில்லை.

உள்ளங்கை அகலமே இருந்த அந்தக் குட்டி ரோபோ வண்டி, யாருக்கு வந்த விருந்தோ என்று மேசை விளிம்பை நோக்கி உருண்டது. முன்வரிசைக்காரர் ஒருவர் பாய்ந்து பிடித்தார்.

பின்னால் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள்.

மனைவி சிரித்தவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கணவனின் காது மடலைப் பார்த்தாள். சிவந்திருந்தது. இங்கே விழுகிற ஒவ்வொரு சிரிப்புக்கும் வீட்டில் அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ரோபோ ஆர்வலர் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஈயம் பற்றவைத்த நெடி இன்னும் அறையில் இருந்தது. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். அவற்றில் மோட்டார், பற்சக்கரம், பேட்டரி. யார் வேண்டுமானாலும் இரவல் எடுத்துப் போகலாம். புதிதாக வருகிறவர்களுக்குச் செயற்கை நுண்ணறிவு சொல்லித்தர ஓர் ஆள் தேவைப்பட்டது. வண்டி குரலுக்குக் கட்டுப்பட்டு நின்றுவிட்டால் அந்த இடம் அவனுக்கு.

அதற்காகத்தான் அவளைக் கூட்டி வந்திருந்தான்.

“என் பேச்சுக்கு நிக்காதுன்னு தெரிஞ்சதுதான். இவ குரல்ல பழக்கினது,” என்று சமாளித்தான்.

“நில்லுன்னு சொல்லிக் குடுக்காம, அதென்ன போதும்?” என்றார் முன்வரிசைக்காரர்.

“எங்க வீட்ல அதிகமா கேக்குற வார்த்தை அதான் சார். டீ ஊத்தினா போதும், டிவி போட்டா போதும்.”

இப்போது சிரிப்பு அவன் பக்கம் வந்தது. காது மடல் கொஞ்சம் வெளுத்தது. அவள் மூச்சு விட்டாள்.

சங்கத்தை நடத்துகிற பெண்மணி மட்டும் சிரிக்கவில்லை. கொண்டையில் எந்நேரமும் ஒரு ஸ்க்ரூடிரைவர் செருகியிருப்பதால் எல்லோருக்கும் அவள் திருகாணி அக்கா. புதியவர்களுக்கான குறிப்புகளை எழுதி, சங்கத்தின் தளத்தில் போட்டிருப்பவளும் அவள்தான்.

“பதிவு பண்ணதையெல்லாம் ஒருதடவை காது குடுத்துக் கேட்டீங்களா? குறிப்புல முதல் வரியே அதுதானே.”

“ஏட்டுச் சுரைக்காய், மேடம்.” மேடம் என்ற சொல்லை நன்றாகக் கடித்துத் துப்பினான். “ஹால்ல ஒரு மைக் வெச்சேன். மூணு மாசம் அது பாட்டுக்குக் கேட்டுச்சு. எங்கெல்லாம் அந்த வார்த்தை வருதோ, ப்ரோகிராமே வெட்டி எடுத்துக்கும். உக்காந்து கேக்குறதுக்கு நான் என்ன வேலையத்தவனா?”

“சரி, பழகிடுச்சான்னு எப்படிச் சோதிச்சீங்க?”

“அதே பதிவுகளைப் போட்டுத்தான். நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு.”

திருகாணி அக்கா உதட்டைப் பிதுக்கினாள். கேள்வித்தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டுப் பரீட்சை வைத்த கதைதான்.

அவன் மனைவியின் தோளருகே சின்ன மைக்கைக் குத்தினான். வண்டியை விட்டான்.

“போதும்,” என்றாள். மேடையில் பேசுகிறவள்போல் தெளிவாக, மரியாதையாக.

வண்டி காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. முன்வரிசைக்காரர் மறுபடி பிடித்தார்.

“வண்டியும் உங்கள மாதிரியே சார், வீட்டுக்காரம்மா பேச்சைக் கேக்க மாட்டேங்குது!”

அறையே குலுங்கியது.

அவனும் சிரித்தான். பல் மட்டும் சிரித்தது. அவள் பக்கம் குனிந்தபோது குரல் வேறாக இருந்தது.

“வீட்ல சொல்ற மாதிரி சொல்லுடி.”

வீட்டில் எப்படிச் சொல்வாள்? அவளுக்கு நினைவில்லை. அந்தச் சொல்லை அவள் ஒருநாளும் யோசித்துச் சொன்னதில்லை. மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். இழுத்துச் சொல்லிப் பார்த்தாள். எதற்கும் வண்டி நிற்கவில்லை. காது மடல் மறுபடி சிவந்துகொண்டு வந்தது.

“கடைசித் தடவை,” என்றான் எல்லோருக்கும் பொதுவாக. வண்டியை விட்டான்.

அது பாதி மேசையைத் தாண்டியது. அவள் தோளில் மைக் சரிந்து தொங்குவது அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது. அதைச் சரிசெய்யக் கையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று அவளை நோக்கி வந்தான்.

அவள் கண்ணை மூடினாள். முழங்கை தானாக முகத்துக்கு முன்னால் ஏறியது.

“போதும்…”

அது கத்தல் இல்லை. மூச்சை உள்ளே இழுத்தபடி, கிட்டே நிற்பவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி வந்த சொல்.

வண்டி பட்டென்று நின்றது.

“பாத்தீங்களா!” தூக்கிய கையை அப்படியே காற்றில் ஆட்டினான். “நான் சொன்னேன்ல!”

யாரும் கைதட்டவில்லை. வண்டியைப் பிடித்துப் பிடித்து விட்ட முன்வரிசைக்காரர் தன் செருப்பு நுனியைப் பார்த்தார். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஓர் இயந்திரத்துக்கு எதையாவது சொல்லிக் கொடுத்தவர்கள். கேட்டுப் பழகாத குரலை அது அடையாளம் காணாது என்பது கடைசி வரிசைக்கும் தெரியும்.

“எத்தனை பதிவு?” திருகாணி அக்காவின் குரல் மெல்ல வந்தது.

“அறுநூறுக்கு மேல!” என்றான் பெருமையாக. “எல்லாம் சொந்த வீட்டுச் சரக்கு.”

நாற்காலி தரையில் உரசியது. திருகாணி அக்கா எழுந்தாள். வண்டியைப் பார்க்க மேசைப் பக்கம் போகவில்லை.

அவனுக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றாள்.